கப்பலில் நான் போட்ட டீ

தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. டீயைப் பற்றி உலகத்தில் தங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைப்பார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் அப்பா கணக்கர். நான் ஒரு கொழுந்தைக்கூடப் பறித்ததில்லை. (பறிக்கப் போனால் அட்டை கடிக்கும்.) ஆனாலும் யார் வீட்டில் டீ கொடுத்தாலும் ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, "தூளு கொஞ்சம் பழசுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மறுவாய் குடிப்பேன்.

இந்த வியாதியோடு நான் கடலுக்குப் போனேன்.

கல்லூரி முடித்த கையோடு, பாய்மரப் பயிற்சிக் கப்பல் ஒன்றில் இளைஞர்களைச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். கொச்சியிலிருந்து மொரீஷியஸ் வரை காற்றை நம்பிப் போய்த் திரும்ப வேண்டும். நேர்காணலில் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார்கள். "மேட்டுப்பாளையம் ரோட்டுல ஒரு வளைவுலகூட நான் வாந்தி எடுத்ததில்லைங்க" என்றேன். என்ன நினைத்தார்களோ, சேர்த்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது அப்பா ஃபேக்டரியிலிருந்து ஒரு பொட்டலம் தூள் கொண்டுவந்து பையில் திணித்தார். "அங்க என்ன தூளு வெச்சிருக்காங்களோ அம்மிணி. நம்மூர் டீ எப்பிடி இருக்கும்னு காட்டிப்போட்டு வா."

கரை மறைவதற்குள் நான் வாளியும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். சமையலறையில் எதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சமையல்காரர் சேவியர் அண்ணாச்சி அன்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் தூத்துக்குடிக்காரர், நிறுத்தி நிதானமாகத்தான் சொல்லியிருப்பார். என் தலை வாளிக்குள் இருந்தது.

உடம்பு தேறியதும் கப்பல் வாழ்க்கை பழகியது. முறை வைத்துக் காவல் நிற்பது, கயிறு இழுப்பது, பாய்மரத்தில் ஏறுவது, தளத்தைத் தேய்ப்பது. குளியல் மட்டும் பழகவில்லை. கடல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தலைமுடி தேங்காய் நார் போல ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் தருவதாகக் கேப்டன் சொல்லியிருந்தார். எல்லோரும் அந்த ஒரு வாளிக்காகத்தான் உயிர் வாழ்ந்தோம்.

அந்த ஞாயிறு காலை எனக்குச் சமையலறை முறை.

"டீயை என்கிட்ட உட்டுருங்க அண்ணாச்சி" என்றேன். அவர் அடுப்பில் ஏற்றிவைத்த தண்ணீரைக் காட்டிவிட்டு, அரிசி எடுக்கக் கீழே போனார். அந்தத் தண்ணீர் போதாது என்று எனக்குத் தோன்றியது. பாத்திரம் கழுவும் தொட்டியில் இரண்டு குழாய்கள். ஒன்றில் சிவப்பு வளையம், ஒன்றில் நீல வளையம். எங்கள் ஊரில் கீசர் இல்லாமல் யாரும் குளிப்பதில்லை. சிவப்பு என்றால் வெந்நீர் என்பது குழந்தைக்கும் தெரியும். சீக்கிரம் கொதிக்கட்டும் என்று சிவப்பில் பிடித்து ஊற்றினேன். சில்லென்று வந்தது. கப்பலிலும் கீசர் ரிப்பேர் போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மலை போலக் குவிந்திருந்த பாத்திரங்களை நீலக் குழாயைத் தாராளமாகத் திறந்துவிட்டுப் பளபளவென்று கழுவினேன்.

அப்பா தந்த தூளோடு ஏலக்காயும் தட்டிப் போட்டு, தளத்தில் இருந்த எல்லோருக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே ஒரு சொற்பொழிவு: உயரம், பனி, கொழுந்தின் குணம். கேப்டன் ஒரு வாய் குடித்தார். மீசை அசையவில்லை. டம்ளருக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் மலையில் இப்படித்தான் குடிப்பார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தலைமுறை தலைமுறையாக" என்றேன்.

அதற்குப் பிறகு யார் என்ன சொல்ல முடியும்? எல்லோரும் மரியாதையாக விழுங்கினார்கள். ஜீனத் என்ற காஷ்மீர் பெண் மட்டும் கண் கலங்க என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கள் வீட்டு டீ மாதிரியே இருக்கிறது" என்று இன்னொரு டம்ளர் கேட்டாள். காஷ்மீரில் டீக்கு உப்புப் போடுவார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெருமையில் மிதந்தபடி கடைசி டம்ளரை நானே எடுத்து உறிஞ்சினேன்.

ரசத்தில் சர்க்கரை கொட்டியது போல இருந்தது.

அதற்குள் இரண்டு பேர் கப்பலின் ஓரத்துக்கு ஓடியிருந்தார்கள். கீழேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. "ஏ பிள்ள, நல்ல தண்ணி எங்க போச்சு?"

போய் நின்றேன்.

"டீக்கு எந்தக் கொழாயில புடிச்சே?"

"சிவப்புலங்க."

"அது கடல் தண்ணிலா. ரெண்டு கொழா இருந்தா ஒண்ணு உப்புத் தண்ணின்னு தெரியாதா?"

"எங்கூர்ல ரெண்டுலயும் ஒரே தண்ணிதானுங்க வரும்."

அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குக் குளிக்க ஒதுக்கியிருந்த நல்ல தண்ணீர் முழுவதும் நீலக் குழாய் வழியாகப் பாத்திரத்தோடு போய்விட்டது. குளியல் ரத்து என்று கேப்டன் அறிவித்தபோது, தோளில் துண்டோடு நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடலில் குதித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதுவும் உப்புத் தண்ணீர்தான் என்பதால் விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தபோது கொச்சித் துறைமுகத்தில் அப்பா காத்திருந்தார். கேப்டன் அவர் கையைக் குலுக்கி, "உங்கள் மகள் போட்ட டீயை நாங்கள் யாரும் மறக்கவே மாட்டோம்" என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அப்பிடீங்களா, இருங்க இருங்க" என்று பையைத் திறந்து, கொண்டுவந்திருந்த தூள் பொட்டலங்களை ஆளுக்கு ஒன்றாக நீட்டினார். மொத்தக் கப்பலும் ஓர் அடி பின்வாங்கியது. ஜீனத் மட்டும் முன்னால் வந்து இரண்டு வாங்கிக்கொண்டாள்.

அண்ணாச்சிதான் அப்பாவைத் தனியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். மேட்டுப்பாளையம் வரை அப்பா மிச்சப் பொட்டலங்களை மடியில் வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். அப்புறம் முதல் வளைவில் சிரிக்க ஆரம்பித்தவர், குன்னூர் பஸ் ஸ்டாண்டில்தான் நிறுத்தினார்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அவரே இதைச் சொன்னார், அதுவும் நான் டீத் தட்டோடு நடு ஹாலில் நிற்கும்போது. மாப்பிள்ளை எடுத்த டம்ளரை மெல்லத் தட்டிலேயே வைத்தார். "பரவால்லீங்க" என்றார், "இனிமே நான் போட்டுக்கறேன்."

கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வார்த்தையை அவர் மாற்றவில்லை. எங்கள் வீட்டில் காலை டீ அவர் பொறுப்பு. என் கையில் கெட்டிலைப் பார்த்தாலே மகள் ஓடிவந்து பிடுங்கிக்கொள்கிறாள். விருந்தாளிகள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். டிசம்பர் மாதக் குன்னூரில் விடிகாலை எழுந்து அடுப்புப் பற்றவைத்தவர்கள் மட்டும் அப்படிப் பார்ப்பதில்லை. நான் கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டு, உள்ளேயிருந்தே குரல் கொடுக்கிறேன்: "தூளு கொஞ்சம் பழசுங்க."