தாலி கட்டிய கரடி

கரடிக்குத் தாலி கட்டி வைத்த ஒரே கிராணி உலகத்திலேயே எங்கள் படக்கிராணிதான். இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

மலாயாவில், ரிங்லெட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை தன் மகளையும் நாயையும் தூக்கிக்கொண்டு ஓடினார். மகளின் படப்புத்தகம் பங்களாவிலேயே கிடந்தது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்கும் வேலை இல்லை. யாருக்குத் தேயிலை வேண்டியிருந்தது? சாயங்காலமானால் லயத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அந்தப் புத்தகத்தில் இருந்த கரடிக் குடும்பத்தின் கதையைச் சொல்வார். வெள்ளைக்காரக் கரடிகள் எங்களோடு ஒட்டவில்லை. உடனே மஞ்சளைக் குழைத்து அம்மாக் கரடிக்குத் தாலி வரைந்தார், சுண்ணாம்பால் அப்பாக் கரடிக்குத் திருநீற்றுப் பட்டை போட்டார்.

மனுஷருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பயம் மட்டும் ஏராளம். கொடியில் காய்ந்த ஜப்பான் அதிகாரியின் கோட்டுக்கே கும்பிடு போட்டவர்.

எங்களில் பாதிப் பேரின் அப்பாக்களைச் சியாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். என் அப்பாவையும்தான்.

"எங்கப்பா எப்ப வருவாரு கிராணி?"

"இந்தா நிக்கிறாரு பாரு. கூடை நெறயப் பழத்தோட வந்துட்டாரு லா" என்று அப்பாக் கரடியைக் காட்டினார். எனக்கு எட்டு வயது. நம்பினேன்.

வெள்ளைக்காரப் புத்தகங்களை எரிக்க ஒரு நாள் அதிகாரி வந்தான். கிராணி கும்பிடு போட்டபடியே ஒரு பக்கத்தைத் திறந்தார். அம்மாவும் குட்டிகளும் குனிந்து பழம் பொறுக்குகிற படம். தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஜப்பான் இருக்கும் திசை பார்த்து நாங்கள் எல்லோரும் குனிய வேண்டும் என்பது அப்போதைய சட்டம்.

"துவான், இது நம்ம கரடிங்க. சக்கரவர்த்தியக் கும்பிடுதுங்க."

அதிகாரி பூரித்துப்போனான். நாளை முதல் இந்தப் படம் பெரட்டுக்களத்தில் தொங்க வேண்டும், கரடிகளைப் பார்த்து ஜனங்கள் ஒழுங்காகக் குனியப் பழக வேண்டும் என்று உத்தரவு போட்டான். பிறகுதான் கவனித்தான், அப்பாக் கரடி மட்டும் நிமிர்ந்து நின்றது. அதை வெட்டி எடு என்று கத்தியை நீட்டினான்.

கிராணி கத்தியை வாங்கினார். என்னைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அவரு இருக்கட்டும் துவான். பிள்ளைங்க தேடும்."

கன்னத்தில் விழுந்த அறையில் மூக்குக்கண்ணாடி தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது. இரண்டாவது அறைக்கும் அவர் அசையவில்லை. அதிகாரிக்குத் திண்டாட்டம். நிமிர்ந்து நிற்கிற கரடியைத் தொங்கவிட முடியாது, சக்கரவர்த்தியைக் கும்பிடுகிற கரடிகளை எரிக்கவும் முடியாது. உத்தரவு போடுகிறவன் தன் கையால் வெட்டுவானா? புத்தகத்தை வீசிவிட்டுப் போனான்.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு கிராணி அதே கதையைச் சொன்னார்.

அப்பா சியாமிலிருந்து வரவே இல்லை. புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. அப்பாக் கரடிக்குப் பக்கத்தில் அன்று நான் பென்சிலால் வரைந்த இன்னொரு கரடி நிற்கிறது. அதற்கு ஒரு கன்னம் மட்டும் பெரிது. அது யாரென்று என் மகள் கேட்டாள்.

"அதுவும் எங்கப்பாதான்" என்றேன்.