குதிரை வாகனத்தன்று காட்டிய பாதிப் படம்

நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "ஞாயிறு. மாலை ஆறு. மௌனப் படம். வசந்தா வருவாள். மின்தடை இல்லை (சரிபார்த்தாயிற்று)."

கடைசி வரி தவிர மற்றதெல்லாம் அப்படியே நடந்தது. அந்தக் கடைசி வரியில்தான் நான் ஒழிந்தேன்.

வசந்தா என் மனைவி. சொந்த மனைவி வருவாள் என்று எழுதி வைத்துக்கொள்ளும் நிலைமை எனக்கு ஐயம்பேட்டையில் வந்தது. அங்கே அவள் தம்பி ஏகாம்பரத்தின் மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்து, "எங்க கல்யாணத்தன்னிக்கு இன்னா மழ தெரியுமா, தாலி கட்டும்போது கொட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மழை பெய்தது மறுநாள். ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து போய் அதைச் சொன்னேன். அதோடு விட்டிருந்தால் மனிதன். "டைரில இருக்குது, வேணும்னா எடுத்தாறேன்" என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வசந்தா சிரிக்கவில்லை.

கிளம்பும்போது அவள் ஆட்டோவில் ஏறவில்லை. "நீங்க போங்க. உங்களுக்குத்தான் டைரி இருக்குதே, அதுகூடப் பேசிக்கினு இருங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னதையும் சொன்ன நேரத்தையும் டைரியில் எழுதினேன். (வேறென்ன தெரியும் எனக்கு?)

வாரங்கள் போயின. போன் செய்தால் ஏகாம்பரம்தான் எடுப்பான். வாயால் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அப்படிப்பட்டவனுக்கு வாயே பேசாத படம்தான் சரி என்று தோன்றியது. ஏறக்குறைய நூறு வருடப் பழைய படம். ஏதோ ஒரு பனி தேசம். மனைவியைப் பிடிக்காமல் போன ஒருவன் அவளைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பனிக்காட்டில் விட்டுவிட்டு வந்துவிடுகிறான். அது முதல் பாதி. இரண்டாம் பாதியில் திரும்பி ஓடி வந்து, பனியில் மண்டியிட்டு அழுகிறான். அவள் வண்டியில் ஏறுகிறாள். தனியாகப் பார்த்தபோது நானும் அழுதேன். விளக்கைப் போட்டதும் என் கண்கள் ஈரமாக இருக்கும், வசந்தா அதைப் பார்ப்பாள், நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. இதுதான் திட்டம்.

தனியாகக் கூப்பிட்டால் வரமாட்டாள் என்பதால் தெருவையே கூப்பிட்டேன். தெருவிலிருந்த கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலையும் ஒரு புரொஜெக்டரையும் கேட்டு வாங்கினேன். ஏகாம்பரம் போனை அவளிடம் கொடுத்தான்.

"ஞாயித்துக்கெழமையா?"

"ஆமா, சாயங்காலம்."

"நல்லா பாத்துதான் சொல்றீங்களா?"

"எல்லாம் பாத்தாச்சு."

"சரி" என்றாள்.

அப்போது கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. குதிரை வாகனத்தன்று மாலை சாமி எங்கள் தெரு வழியாக வரும். வாகனமும் குடையும் உயரம் என்பதால் கரண்டை நிறுத்தி, ஒயர்களைத் தூக்கிப் பிடித்து வழிவிடுவார்கள். இது எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் குதிரை வாகனம் வரும் எட்டாம் நாளை எண்ணும்போது கொடியேற்றும் நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது, பலதும் படித்துவிட்டு நான் வந்தடைந்திருந்த முடிவு. அப்படி எண்ணினால் குதிரை வாகனம் திங்கட்கிழமை. திருவிழாப் பத்திரிகையில் ஞாயிறு என்று போட்டிருந்தது. அச்சுப்பிழை என்று பென்சிலால் திருத்தி வைத்தேன்.

ஞாயிறு மாலை மாடி நிறைந்தது. எல்லோரும் தேங்காய், பூ, கற்பூரத் தட்டோடு வந்திருந்தார்கள். ஒரு மௌனப் படத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்து போனேன். வசந்தாவும் வந்தாள், ஏகாம்பரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரை, ஜரிகைக் கரை போட்ட என் கல்யாண வேட்டி. கதாநாயகன் எங்கே போனாலும் நெற்றியில் கரையோடு போனான்.

"சத்தம் வர்லியேபா, ஒயரு கழண்டுக்கிச்சா பாரு" என்றார் எதிர்வீட்டு மங்கையக்கா.

"மௌனப் படம்க்கா. பேச மாட்டாங்க."

"அப்ப நாம பேசலாம்."

பேசினார்கள்.

"அந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சி? இந்தாளு ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினுகீறான்?"

"எதனா தேதிய மாத்திச் சொல்லிட்டிருக்கும்" என்றான் ஏகாம்பரம்.

மாடியே சிரித்தது. போகட்டும், இரண்டாம் பாதி வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். திரையில் அவன் மனைவியைப் பனியில் இறக்கிவிட்டான். வண்டியில் ஏறினான். சாட்டையை ஓங்கினான்.

கரண்ட் போயிற்று. மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்த அமைதியில், தெருமுனையிலிருந்து நாதஸ்வரம் கேட்டது.

"ஏன் மாமா," ஏகாம்பரத்தின் குரல் இருட்டில் வந்தது, "எங்க அக்காவக் கூப்ட்டு ஒக்கார வெச்சி இந்தப் படமா காட்டுவ? பாதி வழில எறக்கி வுட்டுட்டுப் பூட்டானே அவன்!"

"நல்லாயிருப்பானா அவன்?" என்றார் மங்கையக்கா.

"திரும்பி வருவான்க்கா! செகண்ட் ஆப்ல வந்து அழுவான்!" என்று கத்தினேன்.

"எத்தினி நாள் கழிச்சி?"

வசந்தாவின் குரல். அத்தனை வாரங்களில் அவள் என்னை நேரில் கேட்ட ஒரே கேள்வி. 'உடனே' என்று சொல்லியிருக்கலாம். 'நாளைக்கே' என்று சொல்லியிருக்கலாம்.

"அது படத்துல தெளிவா இல்ல," என்றேன். "பனி எவ்ளோ உயரம் கெடக்குதுன்னு பாத்து கணக்குப் போட்டா..."

"போட்டுக்கினே இருங்க" என்று எழுந்தாள்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் கீழே இறங்கினார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன். தீவட்டி வெளிச்சத்தில், முன்னங்கால்களைத் தூக்கிய குதிரைமேல் சாமி வந்தார். கூட்டத்தில் வசந்தா கை கூப்பி நின்றாள். ஒரு தடவைகூட மாடியைப் பார்க்கவில்லை. கரண்ட் வந்தபோது மாடியில் நானும் வேட்டியும்தான் இருந்தோம்.

பிறகு ஒரு காலையில் பையோடு வந்து நின்றாள். எத்தனை நாள் கழித்து என்று நான் எழுதி வைக்கவில்லை. சுவர் நாள்காட்டி அந்த ஞாயிறிலேயே தொங்கியது, கிழிக்க மனமில்லை. அவள் பையை வைத்துவிட்டு, தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்தாள். பின்பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த அந்த ஞாயிற்றுத் தாளை மட்டும் என் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க. டைரில ஒட்டிக்குங்க."

"கல்யாணத்தன்னிக்கு மழை பெஞ்சிருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாமா?"

"பெஞ்சுது."

இன்றும் நாங்கள் ஆட்டோ ஏறும்போதெல்லாம் ஏகாம்பரம் டிரைவரிடம் குனிந்து, "பாத்துபா, எங்க மாமா பாதி வழில எறக்கி வுட்ற பார்ட்டி" என்று சொல்லத் தவறுவதில்லை. அவன் பேரப்பிள்ளைகளுக்கும் அது தெரியும். இரண்டாம் பாதியை எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவும் இல்லை.

ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. "நல்லா பாத்துதான் சொல்றீங்களா?" என்று போனில் கேட்டாளே, அன்று குதிரை வாகனம் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துமா என் தேதியைத் திருத்தாமல் விட்டாள்? இரண்டு முறை கேட்டேன். ஒரு முறை "சாமி பாக்க வந்தேன்" என்றாள். இன்னொரு முறை "படம் பாக்கத்தான் வந்தேன்" என்றாள். வேறு சாட்சியம் இல்லை. ஆகவே இது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.