என் ஓட்டு கே.வி.எம்.முக்கே

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே கம்ப்யூட்டர் நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. பாதியில் "மாமா, மீட்டிங்" என்று நழுவிவிடுவீர்கள். கடிதத்திடம் அந்தப் பாச்சா பலிக்காது.

உங்கள் அத்தையின் எம்பிராய்டரி கடைக்கு ஆஸ்பத்திரிச் சீருடைகளுக்கான பேட்ஜ் ஆர்டர் வந்ததும், அதே வாரம் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் அனுப்பிய புதியதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது. தையல் இயந்திரத்துக்கு டிசைன் அனுப்பும் மென்பொருளோ தன் பழைய இயங்குதளத்தைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காது. வெள்ளிக்கிழமைக்குள் பேட்ஜ் போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு கடையைப் பார்த்துக்கொள்வார்கள். "மாமா, நீங்க ஒண்ணையும் தொடாதீங்க, ஞாயித்துக்கிழமை நானே வந்து பாத்துக்கறேன்" என்றீர்கள். வெள்ளி முந்தியா, ஞாயிறு முந்தியா? அதனால் தொட்டேன்.

லினக்ஸுக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குள் பழைய இயங்குதளத்தைக் குடிவைக்கலாம் என்று படித்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மெய்நிகராக்கம் என்கிறார்கள். அதைச் செய்ய ஒரு வழி இல்லை, நாலு வழி. "மொதல்ல கிடைக்கிறதை வெச்சு வேலையை முடிங்க" என்றாள் உங்கள் அத்தை. எடைக்கல் சோதனை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் சொல்கிற பேச்சா அது? இன்னொன்றோடு வைத்துப் பார்க்காமல் நான் ஒரு கிலோவைக்கூட ஒரு கிலோ என்று ஒப்புக்கொண்டதில்லை.

முதலில் கன்டெய்னர் என்ற வழியைப் பிடித்தேன். கண்மூடித் திறப்பதற்குள் எழுந்து நிற்கிறது, இடமும் அடைப்பதில்லை, நான் துள்ளினேன். ஆனால் அதற்கென்று சொந்தக் கர்னல், அதாவது இயங்குதளத்தின் உயிர்நாடி, கிடையாது, லினக்ஸின் கர்னலையே பங்குபோட்டுக்கொள்கிறது. லினக்ஸுக்குள் இன்னொரு லினக்ஸ் வேண்டுமென்றால் ஓகோ, நம் பழைய மென்பொருளுக்கு ஆகாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு பகல் முழுதும் போயிற்று. கையேட்டின் முதல் பக்கத்திலேயே அது எழுதியிருந்ததாம்.

அடுத்து விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள். தங்கமான பிள்ளை, எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுச் செய்கிறது. உள்ளே குடிவரும் பழைய இயங்குதளத்துக்கு விருந்தாளி என்று பெயராம்; அதற்கு எவ்வளவு நினைவகம் தரலாம் என்றது. வந்தவரிடம் கணக்குப் பார்ப்பது நம் குடும்பத்தில் பழக்கமில்லையே என்று, இருந்ததில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். அது சிவப்புக் கோடு காட்டி எச்சரித்ததை நான் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன். விருந்தாளி ஏப்பம் விட்டது. வீட்டுக்காரரான லினக்ஸ் பட்டினியில் மயங்கி விழுந்தது, மவுஸ்கூட நகரவில்லை. குறைத்துக் கொடுத்து எழுப்பினேன். மென்பொருள் திறந்தது, ஆனால் யூஎஸ்பி வயரின் மறுமுனையில் காத்திருக்கும் தையல் இயந்திரம் அதன் கண்ணில் படவில்லை. அதற்கு என் பெயரை ஏதோ ஒரு குழுவில் சேர்க்க வேண்டுமாம். என் கம்ப்யூட்டரில் நான் உறுப்பினர் இல்லை, பாருங்கள்.

இதற்கிடையில் ஸ்னாப்ஷாட் என்ற அற்புதத்தைக் கற்றுக்கொண்டேன். எல்லாம் நன்றாக இருக்கும்போது ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு சொதப்பினாலும் ஒரே அழுத்தலில் பழைய நிலைக்குத் திரும்பலாம். சொதப்பினேன், திரும்பினேன். நடுவில் உங்கள் அத்தை உட்கார்ந்து திருத்தி வைத்த பேட்ஜ் டிசைன் போன இடம் தெரியவில்லை. வீடு ரெண்டுபடும் என்று பயந்து நின்றேன். "பரவால்ல, விடுங்க" என்று சொல்லிவிட்டு நூல்கண்டு எடுக்கப் போய்விட்டாள். அவளிடம் இந்தப் பெருந்தன்மையை நான் கண்டதே இல்லை. தொழில்நுட்பம் மனிதர்களை மாற்றுகிறது, மாப்பிள்ளை.

மூன்றாவது ஸென். நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. இது லினக்ஸுக்குள் வந்து உட்காருவதில்லை, லினக்ஸுக்கும் கீழே போய்விடுகிறது. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் எழுவது அதுதான். வீட்டுக்குச் சொந்தக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்த லினக்ஸும் அதன்மேல் ஒரு விருந்தாளிதான், கொஞ்சம் சலுகை பெற்ற விருந்தாளி. நம் வீடும் இப்படித்தான் நடக்கிறது என்று உங்கள் அத்தையிடம் சொன்னேன். "இப்பதான் புரிஞ்சுதா?" என்றாள். பெரிய சர்வர்களுக்கு உகந்த ஏற்பாடு. நான் நிறுவியதில் திரை கறுத்து, மறுநாள்வரை கறுப்பாகவே இருந்தது. குற்றம் என் கையுடையது.

கடைசியில் கே.வி.எம். இது லினக்ஸ் கர்னலிலேயே ஊறியது, வெளியாள் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸை மூடாமலே இதை இயக்கப்போய் இரண்டும் புராசஸர் என்ற ஒரே அடுப்புக்குச் சண்டை போட்டன. அதை மூடிவிட்டு, யூஎஸ்பியை விருந்தாளிக்கென்றே ஒதுக்கிக் கொடுத்தேன். நேற்று மாலை உங்கள் அத்தை இயந்திரத்தருகே நிற்க, நான் 'அனுப்பு' என்பதை அழுத்தினேன். மாப்பிள்ளை, ஊசி இறங்கியது. நீல நூலில் ஆஸ்பத்திரியின் பெயர் எழுத்தெழுத்தாக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டில் என்னால் ஆன முதல் காரியம் இது. மீதிப் பேட்ஜ்களைத் தானே தைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

ஆகவே நாலையும் சோதித்தவன் என்ற முறையில் என் ஓட்டு கே.வி.எம்.முக்கே. உங்கள் ஆபீஸிலும் சொல்லிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேலை செய்ய வர வேண்டாம், வந்து கற்றுக்கொண்டு போகலாம். நீங்களும் மகளும் நீண்ட ஆயுளும் குறையாத நினைவகமும் பெற்று வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். ஒட்டித் தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், படிச்சுட்டேன். கே.வி.எம். நேத்து ஒண்ணும் அனுப்பலை. திரையில பிழைன்னுதான் வந்துது, அவர் ஊசியையே பாத்துக்கிட்டிருந்தார். அவர் அங்க மவுஸை அழுத்தினப்ப நான் இங்க மெஷின்ல பட்டனை அழுத்தினேன். டிசைன் எல்லாம் பழைய கம்ப்யூட்டர் போறதுக்கு முன்னாடியே பென் டிரைவ்ல ஏத்தி வெச்சிருந்தேன், மெஷினே நேரா படிச்சுக்கும். அவர் கூப்பிட்டாரேன்னுதான் கம்ப்யூட்டர்ல உக்காந்து திருத்தற மாதிரி பண்ணினேன். அவர் ஹெட்போன் மாட்டிக்கிட்டு வீடியோ பாக்கற நேரத்துல தைச்சு, ஆர்டர் செவ்வாய்க்கிழமையே போயாச்சு. சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா ரிட்டயர் ஆனதிலேருந்து ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்த மனுஷன், இந்த வாரம் எனக்கு முந்தி எழுந்து, ஆபீஸ் போற மாதிரி சட்டையை மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தார். அதைப் பாக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஞாயித்துக்கிழமை வந்து நாலுல எது நல்லதுன்னு அவர்கிட்ட கேளுங்க, சொல்றதை முழுசாக் கேளுங்க. வரும்போது உங்க வீட்டுல கெட்டுப்போன கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தா மறக்காம எடுத்துட்டு வாங்க.