பொலிஸுக்கு முன்னால் நான் ஓட்டிய ஹெலிகொப்டர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து வருடத்துக்கு மேல் யோசித்துவிட்டேன். யுத்த நாட்களில் பொலிஸ் ஜீப்பில் ஏறிப் போன எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. நான் ஏறி, இறங்கி, கடைசியில் சிரித்தும்விட்டேன் என்று எழுத வெட்கமாக இருந்தது. அத்தோடு நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். (அதிலும் ஒரு வகுப்பில் இரண்டு வருடம் இருந்தேன். வாத்தியாருக்கு என்னைப் பிரிய மனமில்லை.) முருகன் மீது பாரத்தைப் போட்டுவிட்டு இப்போது எழுதுகிறேன்.

யுத்தம் முடிவதற்குச் சற்று முந்திய காலம். நான் கண்டியில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் மனைவி செல்வராணி, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள் தர்ஷினி. டுபாயில் வேலை செய்த என் மச்சான் லீவில் வந்தபோது, பிள்ளை படிக்கட்டும் என்று ஒரு பழைய கொம்பியூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் படிப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு விளையாட்டு மட்டும் இருந்தது.

சில்லு, எஞ்சின், ஆசனம், காற்றாடி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டி நாமே வாகனம் செய்து, நாமே ஓட்ட வேண்டும். மகள் ஹெலிகொப்டர் செய்து மலைக்கு மலை பறந்துகொண்டிருந்தாள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

"தர்ஷினி, அத மூடிட்டுப் புத்தகத்த எடு."

"இருங்கப்பா. இது லேசுப்பட்ட வேலை இல்ல. உங்களால முடியாது."

"பன்னண்டு வருசமா ஆட்டோ ஓட்டுறேன். பெரஹரா ஊர்வலச் சனத்துக்குள்ளயே ஓட்டுனவன்டி நான்."

"அப்ப ஓட்டிக் காட்டுங்க. நீங்களே செஞ்ச ஹெலிகொப்டர்ல அந்த மலையச் சுத்திட்டு, சிவப்பு வட்டத்துல இறக்குங்க. அன்னைக்கே மூடுறேன். பரீட்ச முடியிற வர தொட மாட்டேன்."

கந்தன் மேல் சத்தியமா என்று கேட்டேன். சத்தியம் என்றாள். பிள்ளையின் படிப்புக்காகத்தான் இறங்கினேன் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். (பாதி உண்மை. மீதிப் பாதி ரோசம்.)

முதல் நாள் குளித்து, கொம்பியூட்டருக்கு விபூதி பூசி, சூடம் கொளுத்தப் போனேன். செல்வராணி வந்து சூடத்தைப் பறித்துக்கொண்டாள். நான் செய்த ஹெலிகொப்டர் தரையை விட்டு எழும்பியதும் தன்னைத் தானே சுற்ற ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தலை சுற்றி, அன்று இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றாகிவிட்டது. வாலில் ஒரு சின்னக் காற்றாடி பூட்டினால்தான் உடம்பு சுற்றாமல் நிற்கும் என்று மகள் சொல்லித் தந்தாள். பூட்டினேன். இப்போது சுற்றவில்லை, நேராகக் குப்புற விழுந்தது. ஆட்டோ சாயும்போது உடம்பை மறுபக்கம் சாய்ப்பது எங்கள் வழக்கம். நானும் சாய்ந்தேன். ஹெலிகொப்டர் அங்கே விழ, நான் இங்கே கதிரையோடு விழுந்தேன்.

"எழுதி வச்சுப் பாடமாக்குங்கப்பா, நாங்க படிக்கிற மாதிரி" என்றாள் மகள். அவள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினேன். மேலே ஹெலிகொப்டரின் படம். கீழே:

ஏறியவுடன் உயரம் எடு. மூக்கைத் தாழ்த்தினால் முன்னே போகும். இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்க விசையை அழுத்து. மலையைச் சுற்றி வந்து சிவப்பு வட்டத்தைக் குறி வை. இறக்கும்போது விசையைத் தட்டித் தட்டி அழுத்து. முருகா, இந்த முறையாவது விழாமல் காப்பாற்று.

கடைசி வரி மட்டும் என் சொந்தச் சரக்கு. ஹயர், அதாவது சவாரி, இல்லாத நேரத்தில் பார்த்துப் படிக்கலாம் என்று அந்தத் தாளை ஆட்டோவுக்குள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஒரு தமிழன், யுத்த காலத்தில், ஹெலிகொப்டர் ஓட்டும் முறையை வண்டியில் ஒட்டிக்கொண்டு பதினொரு நாள் கண்டியைச் சுற்றியிருக்கிறான். எனக்கு அது பாடக்குறிப்பாகத்தான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் பேராதனைக்கு ஹயர் போய்த் திரும்பும்போது வழியில் செக் பொயின்ட். வழக்கமாக அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், பின் சீட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள், போ என்பார்கள். அன்று ஒரு புது சார்ஜன்ட். குனிந்து முருகனைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் பார்த்தார். படத்துக்கு மொழி தேவையில்லை. தாளை உரித்தெடுத்து, தமிழ் வாசிக்கத் தெரிந்த கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டார். அவர் மடவளைப் பக்கத்து முஸ்லிம் பொடியன். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"என்னத்த அண்ணே இப்படி எழுதி வெச்சு ஈக்கிறீங்க?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, சார்ஜன்டுக்குச் சிங்களத்தில் சொன்னார்.

"எந்த மலை?" என்றார் சார்ஜன்ட்.

"கொம்பியூட்டர் மலை, மாத்தயா."

"அது எந்த மாவட்டம்?"

எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அன்று ஒரு சொல்லும் வரவில்லை. விளையாட்டு, மகள், பரீட்சை என்று தமிழில் உளறினேன், கொன்ஸ்டபிள் மாற்றிச் சொன்னார்.

"எத்தனை தடவை ஓட்டினாய்?"

"அம்பது அறுபது தடவை, மாத்தயா. எல்லாத் தடவையும் விழுந்துட்டேன்."

"அறுபது தடவை விழுந்தவன் உயிரோடு நிற்கிறாயா? ஏறு ஜீப்பில்."

முருகன் படத்தைக் கும்பிட்டுவிட்டு ஏறினேன். நல்ல வேளையாக, நேரே ஸ்டேஷனுக்குப் போகாமல் முதலில் வீட்டைப் பார்ப்போம் என்றார்கள். வாசலில் ஜீப்பைப் பார்த்ததும் செல்வராணி ஓடி வந்தாள்.

"என்னங்க செஞ்சீங்க?"

"ஹெலிகொப்டர்" என்றேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சார்ஜன்ட் கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, "ஓட்டு பார்ப்போம்" என்றார். கொன்ஸ்டபிள் என் காதருகே குனிந்தார்.

"அண்ணே, நல்லா ஓட்டிராதீங்க. விழுந்தீங்கண்டா விளையாட்டு. ஒழுங்கா ஓட்டினீங்கண்டா பயிற்சி எடுத்த ஆளெண்டு உள்ள போட்டுருவார்."

விழுவதுதானே, நம் கைவந்த கலை என்று நினைத்தேன். இருந்தாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது. தாளில் உள்ளதற்கு நேர்மாறாக எல்லாவற்றையும் செய்வது என்று முடிவு செய்தேன். முருகா, இன்றைக்கு மட்டும் விழவைத்துவிடு, கதிர்காமத்துக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

எழும்பியது. மூக்கைத் தாழ்த்தும் விசைக்குப் பதிலாகத் தூக்கும் விசையை அழுத்தினேன். ஹெலிகொப்டர் மரியாதையாக முன்னே போனது. இடப்பக்கம் சாய்ந்தது, விழட்டும் என்று இடப்பக்க விசையையே அழுத்தினேன். நிமிர்ந்து நின்றது. பதறிப்போய் இன்னும் பிழையாக அழுத்தினேன். அது இன்னும் ஒழுங்காகப் பறந்தது. மலையைச் சுற்றியது. சிவப்பு வட்டம் வந்தது. என் விரல் நடுங்கிய நடுக்கத்தில் விசை தட்டித் தட்டி அழுந்த, வட்டத்தின் நட்டநடுவில் பூப்போல இறங்கியது.

"அப்பா ஜெயிச்சிட்டாரு" என்று தர்ஷினி கை தட்டினாள். அந்த அறையில் கை தட்டியது அவள் ஒருத்திதான்.

"விழுவேன் என்றாயே?" என்றார் சார்ஜன்ட்.

நான் வாயைத் திறக்குமுன் மகள் திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில் சார்ஜன்டிடம் விளக்கினாள். "அங்கிள், அப்பா ஆசனத்தைப் பின்னுக்குத் திருப்பிப் பூட்டியிருக்கிறார். அதனால் முன்பின், இடவல விசையெல்லாம் மாறித்தான் வேலை செய்யும். இன்றைக்குப் பிழையாக அழுத்தியதால் சரியாகப் போனது."

இத்தனை நாளும் நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன்.

சார்ஜன்ட் நம்பவில்லை. "இதெல்லாம் அவ்வளவு கஷ்டமா?" என்று என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். முதல் தடவை விளையாட்டுக்குள் இருந்த ஒரு வீட்டுக் கூரையில் மோதினார். இரண்டாம் தடவை கடலில். மூன்றாம் தடவை விழும்போது அவரும் கதிரையோடு ஒரு பக்கம் சாய்ந்தார். கொன்ஸ்டபிள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். செல்வராணி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆறியது. இன்னொன்று வைத்தாள். ஒரு மணித்தியாலம் கழித்து சார்ஜன்ட் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"இனி வண்டியில் சாமி படம் மட்டும் ஒட்டு" என்றார். தாளை என்னிடம் தரவில்லை. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் கொன்ஸ்டபிளிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது: "இதைச் சிங்களத்தில் எழுதித் தா."

ஜீப் போன பிறகுதான் செல்வராணி அழுதாள். தர்ஷினி யாரும் சொல்லாமலே கொம்பியூட்டரை நிறுத்தி, ஒரு துணியால் மூடினாள். பரீட்சையில் பாஸ் பண்ணினாள். இன்று வீட்டில் நான் பல்ப் மாட்டினாலும், வங்கியில் போர்ம் நிரப்பினாலும், "நேர்மாறா செய்யுங்க, சரியா வரும்" என்கிறார்கள். மருமகன்கூடச் சொல்கிறார். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

படித்தவர்கள் யாருக்காவது இதைச் சொன்னால், உள்ளபடியே சொல்லுங்கள். கலகெதரயில் ஒரு ஆள் நான் நிஜ ஹெலிகொப்டர் ஓட்டினேன் என்கிறாராம். அது வேண்டாம். சார்ஜன்ட் அடித்தார் என்று கூட்ட வேண்டாம், நான் பயப்படவில்லை என்று குறைக்கவும் வேண்டாம். விழவைக்கச் சொல்லி நான் முருகனிடம் மன்றாடியதையும், அவன் காது கொடுக்காததையும் மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். கதிர்காமத்துக்கு எப்படியும் நடந்தே போய்வந்தேன்.