கொல்லம் லைனுக்கு ஒரு டிரைவர்

"கோட்டைவாசல்லேருந்து புளியரை வரைக்கும், அந்த மலைப்பாதை முழுசையும், பத்து டன் லோடோட ரிவர்ஸ்லயே எறக்கியிருக்கேன் அண்ணாச்சி!"

லிங்கேஷ் இதைச் சொன்னதும் சங்கரன்கோவிலில் சங்கரசுப்பு அண்ணாச்சியின் லாரி ஆபீஸில் மின்விசிறியே ஒரு சுற்றை விட்டுவிட்டுச் சுற்றியது.

சொன்னவனுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்து பதினெட்டு நாள்தான் ஆகிறது. வாழ்நாளில் அவன் லாரியை ரிவர்ஸ் எடுத்தது இரண்டே தடவை, இரண்டும் டிரைவிங் ஸ்கூல் பொட்டலில். முதல் தடவை கம்பம் விழுந்தது. இரண்டாம் தடவை, கம்பத்தை நிமிர்த்திக்கொண்டிருந்த மாஸ்டர் எடுத்த ஓட்டம் குருவிகுளம் தாண்டியும் நிற்கவில்லை என்று கேள்வி.

பயம்தான் அவன் வாயைத் திறந்துவிட்டது. எல்லாம் மனைவி பொன்செல்வியைப் பற்றிய பயம்.

அவன் முன்னால் மூன்று வேலைகள் இருந்தன. நாக்பூர் லைனில் கை நிறையச் சம்பளம். ஆனால் புறப்பட்டால் இருபத்தைந்து நாள் கழித்துத்தான் வீட்டு வாசலைப் பார்க்கலாம். தண்ணீர் டேங்கர் வேலை என்றால் தினமும் சாயங்காலம் வீடு. ஆனால் அந்தச் சம்பளத்தைக் கேட்டால் டேங்கரில் இருக்கும் தண்ணீரே சிரிக்கும். இரண்டுக்கும் நடுவே, குலதெய்வம் கையால் அளந்து வைத்ததுபோல, சங்கரசுப்பு அண்ணாச்சியின் கொல்லம் லைன். இன்றைக்குப் போனால் நாளைக்கு வீடு, சம்பளமும் நாக்பூரில் முக்கால்வாசி.

பொன்செல்விக்கு ஏழாம் மாதம். முந்தின நாள் இரவு சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவள் சொன்னது இதுதான்:

"வளைகாப்பு முடிஞ்சு ராயகிரிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க நாக்பூருக்குப் போனீகன்னா, பிள்ள ஒங்களப் பாத்து 'யாரும்மா இந்த மாமா'ன்னு கேக்கும். டேங்கருக்குப் போனீகன்னா, அதுக்குப் பாலுக்குப் பதிலா தண்ணிதான். ரெண்டுல எதுக்குப் போனாலும் சரி, நானும் பிள்ளையும் ராயகிரியிலயே இருந்துக்கிடுதோம்."

சொன்னால் செய்கிறவள். கல்யாணத்தன்று மைக்செட்டை நிறுத்தினால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று சொல்லி, மேளக்காரரே மூச்சுவிட யோசிக்கும்படி செய்தவள்.

காலையில் வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னாள். "அங்கன போயி வாயத் தொறக்காதீக. அவுக என்ன சொன்னாலும் சரின்னு மட்டும் சொல்லுங்க."

அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தான். ஆனால் ஆபீஸ் பெஞ்சில் இரண்டு பழைய டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மீசையும் லாரி பம்பர் அகலம். இருவரும் கொல்லம் லைனுக்குத்தான் வந்திருக்கிறார்கள், தன் பிள்ளையை ராயகிரிக்கு அனுப்பத்தான் வந்திருக்கிறார்கள் என்று லிங்கேஷுக்குத் தோன்றியது. மேஜைக்குப் பின்னாலிருந்து அண்ணாச்சியின் தங்கை தங்கத்தாய் ஒரு நோட்டை விரித்து, பேனாவை நீட்டியதைக்கூட அவன் பார்க்கவில்லை. வாய் அதன் போக்கில் மலையை இறக்க ஆரம்பித்துவிட்டது.

தங்கத்தாய் பேனாவை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ரிவர்ஸ்லயா?" என்றாள்.

"ஆமாக்கா."

"அந்த எஸ் வளைவுலயுமா?"

"எஸ்ஸத் திருப்பிப் போட்டாலும் எஸ்தானக்கா."

அண்ணாச்சி தொடையைத் தட்டினார். வீரக்கதை என்றால் அவருக்கு உயிர். "தங்கத்தாயி, இவ்வளவு பெரிய கைகாரன கொல்லத்துக்கு அனுப்புனா தப்பும்மா. நாக்பூர் லைனுக்கே போட்டுருவோம்!"

லிங்கேஷின் கால் தரையையே கிளச்சாக நினைத்து ஒரு மிதி மிதித்தது. "நாக்பூர் வேண்டாம் அண்ணாச்சி! அது பூரா நேர் ரோடு. எனக்கு மலை இல்லன்னா வண்டியிலயே தூக்கம் வந்துரும்."

"மலைதான் வேணுமா? அப்ப நாளைக்கே ஏறு. வெங்காய லோடு நிக்கி."

"நாளைக்கா? லோடு நிக்கிது புது வண்டியிலல்லா அண்ணாச்சி… எனக்கு இந்த பவர் ஸ்டீயரிங்லாம் ஒத்துக்காது. பழைய வண்டியிலயே ஓட்டிப் பழகிட்டேன்." பழைய வண்டி எதுவும் ஓடுகிற நிலையில் இராது என்பது அவன் கணக்கு.

"அட, நம்ம 'கிழவி' நிக்காள்லா! பவர் ஸ்டீயரிங்கே கெடையாது. பேட்டரிய மாத்தினா பறப்பா!"

"கிளீனர் யாரும் இல்லாம எப்படி…"

"நான் வாரேன்," என்றாள் தங்கத்தாய். "நீ எறக்குன மலைய நானும் பாக்கணும்லா."

பெஞ்சில் இருந்த இரண்டு மீசைகளும் டீ குடித்து முடித்து, "வாரோம் அண்ணாச்சி" என்று எழுந்து போயின. டயர் விற்ற பணம் வாங்க வந்தவர்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிழவியின் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பொன்செல்வி சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தாள்.

"நேத்து ஆபீஸ்ல ஒண்ணும் பேசலல்லா?"

"ச்சே, ச்சே."

அவள் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்திருந்த தங்கத்தாயைப் பார்த்தாள். தங்கத்தாய் அவளைப் பார்த்தாள். லிங்கேஷ் அவசரமாகத் தூக்கை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினான்.

கிழவியின் ஸ்டீயரிங்கைத் திருப்புவது கோயில் தேரைத் தனியாளாகத் திருப்புவதுபோல் இருந்தது. தென்காசி தாண்டும்போது சட்டை நனைந்தது. செங்கோட்டையில் வேட்டி நனைந்தது. புளியரையில் மலை எதிரே எழுந்து நின்றபோது, இனி நனைய எதுவுமில்லாமல் சீட் நனைந்தது.

"என்னலே, முதல் கியர்லயே நிக்கே?"

"வண்டி சூடாகணும்லாக்கா."

"அடுப்பு மாரி கொதிக்கி. இன்னும் என்ன சூடு?"

ஏறினான். ஒவ்வொரு வளைவிலும் கோமதியம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டான். மேலே போகப்போக ஒரு தோப்புத் தேங்காய் கடனாகிவிட்டது. கடைசியில் மலையுச்சியில், கேரள எல்லையான கோட்டைவாசல் கண்ணுக்குத் தெரிந்தது. தப்பித்தோம் என்று மூச்சுவிட்டான். அந்த மூச்சு பாதியிலேயே நின்றது.

எதிரே ஒரு டிரெய்லர். அதன்மேல் காற்றாலை இறக்கை ஒன்று படுத்திருந்தது. அதன் மூக்கு தமிழ்நாட்டுக்குள் வந்து பத்து நிமிஷம் கழித்துத்தான் வால் கேரளாவை விட்டுக் கிளம்பும் போலிருந்தது.

முன்னால் வந்த ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கி ஓடிவந்தார். "கீழ ரோட்ட நிறுத்தியாச்சு அண்ணே. நடுவுல மாட்டுனது ஒங்க வண்டி ஒண்ணுதான். இத பின்னால எடுக்க முடியாது. நீங்க ரிவர்ஸ்ல எறக்கிருங்க."

"எதுவரைக்கும்?"

"புளியரை வரைக்கும்."

லிங்கேஷ் தங்கத்தாயைப் பார்த்தான். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இடது ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"வரட்டும்," என்றாள்.

கிழவி ஒரு முனகலோடு பின்னால் நகர்ந்தாள். இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் பாறை. கண்ணாடியில் அவன் முகமே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பா இல்லாமல் வளரப்போகும் பிள்ளையின் முகம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது ராயகிரியில் நின்று டாட்டா காட்டியது.

"ஒடிச்சுப் பிடி… வரட்டும்… வரட்டும்… நில்லுலே! பள்ளம்!"

"யக்கா! நான் சொன்னது பொய்! நான் எந்த மலையையும் எறக்குனது இல்ல!"

"தெரியும்லே. கண்ணாடியப் பாரு."

"நேத்தே தெரியுமா?"

"நீ மொத வார்த்த பேசும்போதே தெரியும். வலது பக்கம் ஒடி!"

"அப்புறம் எதுக்கு ஏறுனீக?"

"ஒம் பொய்ய எங்க நிறுத்துதன்னு பாக்கத்தான். இப்ப மலையில வந்து நிக்கிது. நேர ஆக்கு… வரட்டும்…"

சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் குட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கின. எஸ் வளைவில் பின்சக்கரம் ஓரக் கல்லை முத்தமிட்டபோது, மூட்டைக்குள் இருந்த வெங்காயங்களுக்கே கண்ணில் நீர் வந்தது. ஐம்பது நிமிஷம். லிங்கேஷுக்கு அது ஐம்பது வருஷம். புளியரையில் வண்டி நின்றபோது, கிளச்சிலிருந்து இடது காலை எடுக்க வலது கையின் உதவி தேவைப்பட்டது.

இறக்கை கடந்து போன பிறகு அதே மலையில் மறுபடி ஏறி, கொல்லத்தில் வெங்காயத்தை இறக்கி, மறுநாள் மத்தியானம் சங்கரன்கோவில் வந்து சேர்ந்தார்கள். வழியெல்லாம் அவன் ஒரு முடிவோடு வந்தான்.

ஆபீஸில் பொன்செல்வியும் இருந்தாள். அவளைப் பார்த்தால் வாய் மறுபடி பொய் சொல்லிவிடும் என்று பயந்து, அண்ணாச்சியை மட்டும் பார்த்தான்.

"அண்ணாச்சி, நான் அளந்தது அத்தனையும் பொய். நேத்து வரைக்கும் அந்த மலைய நான் கண்ணாலகூடப் பாத்ததில்ல. கொல்லம் லைன் கெடைக்கலன்னா இவ ராயகிரிக்குப் போயிருவான்னு பயத்துல ஒளறிட்டேன். வேற ஆளப் போட்டுக்கிடுங்க. நான் டேங்கருக்கே போறேன்."

அண்ணாச்சி முகம் விழுந்தது. கதை போன வருத்தம். "என்ன தங்கத்தாயி இது? ரிவர்ஸ்ல எறக்குனது பொய்யா?"

பொன்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "வாயத் தொறக்காதீகன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

தங்கத்தாய் மேஜை டிராயரைத் திறந்து அதே நோட்டை எடுத்தாள். அதே பக்கத்தை விரித்து, அதே பேனாவை நீட்டினாள். பக்கத்தின் மேலே, 'கொல்லம் லைன் – லிங்கேஷ்' என்று போன வாரத் தேதியோடு எழுதியிருந்தது.

"ஒம் பொண்டாட்டி போன வாரமே வந்து பேசி முடிச்சிட்டா, முந்தாநாளு ஒன்னயக் கூப்பிட்டதே இந்த ஒரு கையெழுத்துக்குத்தாம்லே, நீ வந்ததும் வராததுமா மலைய எறக்க ஆரம்பிச்சிட்ட," என்றாள் தங்கத்தாய். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஆனா ரிவர்ஸ்ல எறக்குனது மட்டும் நெசம்ணே, கோட்டைவாசல்லேருந்து புளியரை வரைக்கும், நானே சாட்சி."