மாமனாரின் பேஸ் குரலும் நான் செய்த ஸ்டாண்டும்

வாங்கப்போகும் பொருளைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் கடைக்குப் போகிறவனைக் கடவுள் காப்பாற்றிவிடுவார். கடவுளுக்கு நேரமில்லை என்றால் கடைக்காரர் காப்பாற்றுவார். இரண்டு மாதம் இணையத்தில் படித்துவிட்டுப் போகிறவனை யாராலும் காப்பாற்ற முடியாது. நான் அந்த இரண்டாவது ரகம்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. நான் கடற்கரைக் கத்தோலிக்கன். மனைவி ஹெப்சி நாசரேத்தில் ஒரு புராட்டஸ்டண்ட் வாத்தியார் குடும்பத்துப் பெண். அவள் அப்பா சாமுவேல் சார், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். எங்கள் கல்யாணம் அவருக்குப் பிடிக்கவில்லை. வந்தார், போட்டோவுக்கு நின்றார், பிரியாணியில் கை வைக்காமல் பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வாசற்படியை அவர் மிதிக்கவே இல்லை.

கண் பரிசோதனைக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூத்துக்குடிக்கு வருவார். ஹெப்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பாள். வீட்டுக்குக் கூப்பிட்டால் "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்பார். (நாசரேத்துக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்?) அவர் வருகிற நாளன்று அவள் விடிந்ததுமே சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டுத்தான் போவாள். திரும்பி வந்து அதை எனக்குப் பரிமாறுவாள். அந்தக் குழம்பு எனக்குத் தொண்டையில் இறங்காது. மிச்சம் வைத்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சார் கோயில் பாடகர் குழுவில் நாற்பது வருடமாக பேஸ் பாடுகிறவர். நாலு குரலில் ஆகக் கீழே ஓடுகிற குரல். ஒரு வருடம் கிறிஸ்துமஸ் பாட்டை யாரோ நல்ல மைக் வைத்துப் பதிவுசெய்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்கள். சார் அதைத் தன் போனில் கேட்டுவிட்டு மகளிடம் நொந்துகொண்டார்.

"பொம்பளைங்க பாடுதது கேக்கு. டெனர் கேக்கு. பேஸ் பாடுத நாங்க நாலு பேரும் சும்மா வாயத் தொறந்துக்கிட்டு நின்ன மாதிரில்லா இருக்கு."

ஹெப்சி இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். எனக்கு உடனே மண்டைக்குள் பல்பு எரிந்தது. போனில் கேட்காத பேஸ் ஹோம் தியேட்டரில் கேட்கும். அதைக் கேட்க அவர் இங்கேதான் வந்தாக வேண்டும். மூன்று வருடமாகப் பங்குச் சாமியாரும் போதகரும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு சப்வூஃபரை வைத்துச் செய்துகாட்டுகிறேன் என்று முடிவெடுத்தேன்.

படிக்க ஆரம்பித்தேன். வாட், ஓம், சேனல், அறையின் எதிரொலி. ஆபீஸில் கன்டெய்னர் கணக்கு ஒரு பக்கம் கிடக்க, நான் ஏதோ ஒரு நாட்டுக்காரன் தன் ஸ்பீக்கரை எந்தக் கோணத்தில் திருப்பிவைத்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மினி லாரி ஹாரனைக் கேட்டால்கூட "மிட் ரேஞ்ச் கொஞ்சம் கரகரப்பு" என்று சொல்லும் அளவுக்கு நோய் முற்றிவிட்டது.

பிறகு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி நான் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, ஒங்க ஹாலு என்ன அளவு இருக்கும்?"

"பத்துக்குப் பன்னெண்டு அண்ணாச்சி."

"அதுல அஞ்சு ஸ்பீக்கர் வச்சியன்னா ஆளு எங்கன உக்காருவிய? ரெண்டே ரெண்டு நல்லதா வாங்கி அலமாரி மேல வைங்க. கூட ஒரு சின்ன சப்வூஃபர். போதும்."

தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் மனிதரைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வந்தது. பாவம், இவர் இணையம் பார்ப்பதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் பட்ஜெட்டுக்குப் புதுசு எட்டவில்லை. எங்கள் தெருவில் கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர் தன் பழைய செட்டை விற்றார். ஆம்ப்ளிஃபயர், ஐந்து ஸ்பீக்கர், முட்டுயரத்துக்கு ஒரு சப்வூஃபர். நல்ல சாமான். முன்னே இரண்டு, பின்னே இரண்டு ஸ்பீக்கருக்கும் ஸ்டாண்டு மட்டும் இல்லை. கடையில் ஸ்டாண்டு விலையைக் கேட்டபோது அதற்குள்ளும் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. ஆகவே வெல்டிங் பட்டறையில் ஆக மலிவான இரும்புக் குழாயை வாங்கி, மேலே ஒரு தகடும் கீழே ஒரு தகடும் அங்கங்கே பற்றவைத்து நாலு ஸ்டாண்டு செய்தேன். கறுப்பு பெயின்ட் அடித்ததும் நானே அசந்துபோனேன்.

ஒரே ஒரு குறை. குழாய் உள்ளே காலி. பாட்டுப் போட்டால் அதுவும் கூடச் சேர்ந்து கணகணவென்று பாடியது. இதற்கும் இணையத்தில் மருந்து இருந்தது. குழாய்க்குள் காய்ந்த மணலை நிரப்ப வேண்டுமாம். மணலுக்கு எங்கே போவது? ஏரல் பக்கம் ஆற்றில் ஒரு வாளி அள்ளினாலே மணல் திருட்டு என்று ஆட்கள் வந்து விசாரிப்பார்கள். கடற்கரை மண்ணை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று ஹெப்சி சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் சித்தப்பாவின் உப்பளம் ஞாபகத்துக்கு வந்தது. மே மாதம். வெள்ளை வெளேரென்று அம்பாரம் அம்பாரமாக உப்பு. மணலைவிடச் சீரான பருக்கை, கல் மாதிரிக் காய்ந்து கிடக்கிறது. அதுவும் சும்மா. ஊரே உப்பாகக் கிடக்கும்போது நான் ஏன் மணலுக்கு அலைய வேண்டும்? இதைக் கண்டுபிடித்தவன் உலகத்திலேயே நான்தான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. (கண்டுபிடித்தவன் நான்தான். அதில் இப்போதும் சந்தேகமில்லை.)

"எத்தன கிலோ கருவாடு போடப்போறலே?" என்று கேட்டார் சித்தப்பா.

"கருவாட்டுக்கு இல்ல சித்தப்பா. ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கு உள்ள கொட்டணும். இரும்புக் குழாயி."

அவர் உப்பு வாரிக்கொண்டிருந்த மரப்பலகையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். "இங்கன இரும்பு எதுவும் நிக்காதுல. அதாம் எல்லாத்தையும் மரத்துலயே வச்சிருக்கோம்" என்றார். உப்பளத் தொழிலைப் பற்றி ஏதோ பொதுவாகச் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டு அரை மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

ஹெப்சியும் கேட்டாள். "இரும்புக்குள்ள உப்பா? எதுக்கும் அப்பாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோமே?"

"ஏளா, ஒங்கப்பா பாடம் கெமிஸ்ட்ரி. இது அகூஸ்டிக்ஸ்."

மேல் தகட்டில் துளை போட்டு உப்பைக் கொட்டி, துளையை எம்-சீல் பசை போட்டு அடைத்தேன். குழாய் வாயை மூடிக்கொண்டது. கோடை முழுக்கப் பாட்டு அவ்வளவு துல்லியமாக இருந்தது. ஆபீஸ்காரர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து உட்காரவைத்துக் கேட்கவைத்தேன். இரண்டாம் முறை கூப்பிட்டபோது யாரும் வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. ஸ்டாண்டுகளின் அடியில் தரை கசிந்தது. தினமும் துடைத்தாலும் மறுநாள் ஈரம். வீட்டுக்காரரிடம் போய், கட்டடத்தில் ஓதம் ஏறுகிறது, இந்த வீட்டில் மனுஷன் குடியிருப்பதா என்று சண்டை போட்டேன். அவர் பிளம்பரை அனுப்பினார். பிளம்பர் மூன்று டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் போனார். பிறகு டைல்ஸில் காப்பி சிந்தியதுபோல வட்டம் வட்டமாகக் கறை வந்தது. ஸ்டாண்டில் பெயின்ட் கொப்புளித்தது. அதன்மேல் இன்னொரு கோட்டிங் அடித்தேன்.

கார்த்திகையில் சார் கண் பரிசோதனைக்கு வந்தார். ஹெப்சிக்கு அப்போது ஐந்தாம் மாதம். வழக்கம்போல் கூப்பிட்டிருக்கிறாள். அவர் மகளின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "பேஸ் கேக்கும்னியே. அதை மட்டும் கேட்டுட்டுப் போறேன்" என்றிருக்கிறார். ஆட்டோவில் வரும் வழியில் அவள் எனக்குப் போன் செய்து சொன்னாள். ஆபீஸில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு ஓடினேன்.

நல்ல மழை. சார் வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை, கையில் ஆஸ்பத்திரிப் பை. ஐந்து ஸ்பீக்கருக்கும் நடுவில் சாக்பீஸால் குறி போட்டு நான் வைத்திருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார், எந்த நிமிஷமும் எழுந்து போகிறவர்போல. என்னைப் பார்த்து "ம்" என்றார். நானும் "ம்" என்றேன்.

பாட்டைப் போட்டேன். சோப்ரானோ வந்தது, ஆல்ட்டோ வந்தது, டெனர் வந்தது. பிறகு அடியிலிருந்து அந்தக் குரல் வந்தது. தரை வழியாக வந்து காலில் ஏறியது. சார் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வலது கால் தாளம் போட ஆரம்பித்தது. இரண்டாம் சரணத்தில் மடியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தார். அடுக்களை வாசலில் நின்ற ஹெப்சி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அத்தோடு நான் நின்றிருக்கலாம். சந்தோஷத்தில் வால்யூமை இன்னும் நாலு புள்ளி ஏற்றினேன்.

சாருக்கு வலப்பக்கம் நின்ற ஸ்டாண்டு "மடக்" என்றது. அடித்தகடு தரையிலேயே இருக்க, குழாய் மட்டும் மரியாதையாக அவர் பக்கம் சாய்ந்தது. ஸ்பீக்கரைப் பாய்ந்து பிடித்துவிட்டேன். குழாயைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. அது அவர் மடியில் விழுந்து, ஆறு மாதமாகத் தேக்கிவைத்திருந்த துருச் சேற்றையெல்லாம் அந்த வெள்ளை பேன்டில் கொட்டியது. பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சார் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். மடியைப் பார்த்தார். ஒரு விரலால் அந்தச் சேற்றைத் தொட்டு நுனிநாக்கில் வைத்தார்.

"சோடியம் குளோரைடு" என்றார்.

நான் பாட்டை நிறுத்தினேன்.

"மாப்ளே, நீங்க என்ன படிச்சிய?"

"பி.காம். மாமா."

"சரிதான்."

மூன்று வருடத்தில் அவர் என்னை மாப்பிள்ளை என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

"உப்பு போடச் சொல்லி யாரு சொன்னா?"

"நெட்டுல மணலுன்னுதான் மாமா போட்டிருந்தான்."

"அவன் சரியாத்தான சொல்லிருக்கான்" என்றவரின் தோள் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறது என்று நினைத்து நான் இரண்டடி பின்னால் போனேன். சிரிக்கிறார். துருச் சேற்றோடு உட்கார்ந்து, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வர, சொட்டு மருந்து போட்ட கண்ணைத் துடைக்கவும் முடியாமல் சிரித்தார். "முப்பத்தஞ்சு வருசம் ஒம்பதாங்கிளாஸ் பயலுகளுக்கு இரும்பு துருப்பிடிக்கிறத நடத்தியிருக்கேன். ஒருத்தனும் இவ்வளவு சுத்தமா செஞ்சு காட்டுனதில்லம்மா" என்று மகளிடம் சொன்னார். ஹெப்சி சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்ல அன்று அவருக்கு பேன்ட் இல்லை. என் கைலியைக் கட்டிக்கொண்டார். சீலா மீன் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். துவைத்துப்போட்ட பேன்ட் அந்த மழையில் இரண்டு நாளாகக் காயவில்லை. (இரண்டாம் நாள் வெயில் வந்தபோது ஹெப்சி அதை மறுபடி நனைத்துப்போட்டதை நான் பார்த்தேன். சொல்லவில்லை.) அந்த இரண்டு நாளும் சார் மிச்சமிருந்த மூன்று ஸ்டாண்டுகளையும் கரண்டியால் தட்டித் தட்டி, எது முதலில் விழும் என்று வரிசை சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நாலையும் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டோம். இரண்டே ஸ்பீக்கரை அலமாரி மேல் வைத்து அதே பாட்டைப் போட்டேன். பேஸ் நன்றாகவே கேட்டது. கடைக்கார அண்ணாச்சி முகம் என் கண் முன்னால் வந்துபோனது.

இப்போது சார் மாதம் ஒருமுறை வருகிறார். நாசரேத்தில் இந்தக் கதை வேறு மாதிரி ஓடுகிறது. அங்கே உப்பே கிடையாது. சாமுவேல் சார் குரல் வந்த வேகத்தில் இரும்புக் குழாய் இரண்டாக ஒடிந்தது, அவ்வளவுதான். என் மகளும் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிவைத்திருக்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் உப்பை உப்பு என்று யாரும் கேட்பதில்லை. போன வாரம்கூட சார் குழம்பை ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"மாப்ளே, அந்த ஸ்பீக்கரக் கொஞ்சம் இங்கன தள்ளுங்க."