பல் பார்க்கும் படலம்

பீங்கான் கம்பெனி வாசலில் நின்ற பைக்கின் கண்ணாடியில் கலியமூர்த்தி தன் பல்லைப் பார்த்தான். வெற்றிலைக் கடையே உள்ளே குடிவந்தது போல வாய் முழுக்கச் சிவந்து கிடந்தது.

"போச்சுடா பாண்டியா! பதினோரு மணி பஸ்ஸுல அவ வரா."

அவள் என்றால் துர்கா, கலியமூர்த்தியின் மனைவி. புருஷன் வாயில் வெற்றிலையோடு புகையிலை அடக்குவதை விடச் சொல்லி, கெஞ்சி, சண்டை போட்டு, எதுவும் பலிக்காமல் ரெண்டு மாதத்துக்கு முன் ஸ்ரீமுஷ்ணத்தில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு கலியமூர்த்தி உண்மையாகவே விட்டுவிட்டான். காலையிலும் ராத்திரியிலும் பல் தேய்த்தான். நேற்றுதான் போனில் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"வரேன். ஆனா ஒங்க பல்லப் பாத்துட்டுத்தான் பையக் கீழ வப்பேன். செவப்பு இருந்துச்சோ, அதே பஸ்ஸுல திரும்பிடுவேன்."

அவன் நேரம், இன்று காலையில்தான் கம்பெனியில் பல் முகாம். டாக்டரம்மா கனிமொழி ஆளுக்கொரு சிவப்பு மாத்திரை கொடுத்து, மென்று துப்பினால் தேய்க்காமல் விட்ட அழுக்கெல்லாம் சிவப்பாகத் தெரியும் என்று விளக்கினார். அவர் விளக்கும்போது, துர்காவுக்குப் பூ வாங்குவதா அல்வா வாங்குவதா என்ற யோசனையில் இருந்தான் கலியமூர்த்தி. பல்லை வெளுக்க வைக்கிற மாத்திரை போலிருக்கிறது என்று மூன்றைக் கேட்டு வாங்கி, இரண்டைச் சேர்த்து மென்றுவிட்டான். வாய் சிவந்த பிறகுதான் பக்கத்தில் இருந்தவர்கள் விஷயத்தைச் சொன்னார்கள்.

"டாக்டரம்மாவையே கேக்கலாமேண்ணே?" என்றான் பாண்டியன். அவனும் கலியமூர்த்தியோடு பீங்கான் பொம்மைகளுக்குப் பளபளப்பு தரும் கிளேஸ் பூசுகிறவன்.

"அவங்க அப்பவே நல்லூரு கெளம்பிட்டாங்கடா."

பாண்டியனின் பார்வை மெதுவாக வெள்ளைக் கிளேஸ் தொட்டிப் பக்கம் போனது.

"ஒதை வாங்குவ," என்றான் கலியமூர்த்தி.

"அப்ப உப்பும் கரியுந்தாண்ணே. எங்க பெரியம்மா அதுலதான் தேய்க்கும். பல்லு சும்மா முத்து மாதிரி இருக்கும்."

டீக்கடை அடுப்பிலிருந்து கரி வந்தது. கலியமூர்த்தி விரல் வலிக்கத் தேய்த்தான். சிவப்பு போகவில்லை. ஈறு கிழிந்து ரத்தமும் அதோடு சேர்ந்துகொண்டது. கரி பல் இடுக்கில் போய் உட்கார்ந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. புகையிலை போட்ட காலத்தில்கூட அவன் வாய் இவ்வளவு அப்பட்டமாகப் புகையிலை வாயாக இருந்ததில்லை.

"எரியுதுடா!"

"கிராம்பக் கடிங்க, சரியாப் பூடும்."

ஒரு கை கிராம்பையும் கடித்துக்கொண்டு, முகத்தில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு, கலியமூர்த்தி விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

துர்கா பஸ்ஸை விட்டு இறங்கினாள். பை தோளிலேயே இருந்தது.

"என்னா கட்டு இது?"

"சளி."

"சளிக்கா இந்தக் கிராம்பு வாடை? எத மறைக்கப் பாக்குறீங்க?" முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு கேட்டாள். "அவுருங்க."

அவிழ்த்தான். துர்கா பார்த்தாள்.

"யோவ்!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

"சத்தியமா மாத்திரைடி! முகாம்ல குடுத்தாங்க. அழுக்கு இருந்தா செவக்குமாம்."

"பல்லச் செவக்க வக்கிறதுக்கு ஒரு டாக்டரா? என்னப் பாத்தா கேணச்சி மாதிரி தெரியுதா?"

கலியமூர்த்திக்கு அழுகையே வந்துவிட்டது. ரெண்டு மாதம் நாக்கைக் கட்டியதற்கு இதுதானா கூலி? சட்டைப் பையில் மிச்சமிருந்த மூன்றாவது மாத்திரை சட்டென்று நினைவுக்கு வந்தது. எடுத்து நீட்டினான்.

"இந்தா, நீயே மென்னு பாரு. ஒனக்கும் செவக்கும். அப்பவாச்சும் நம்புவியா?"

துர்கா ரெண்டடி பின்னால் போனாள். "எனக்கெதுக்கு? நான் என்னா ஒங்கள மாதிரியா?"

"ஒண்ணே ஒண்ணு, துர்கா."

"ஒண்ணும் வேணாம். சொன்னா சொன்னதுதான். நான் இதே பஸ்ஸுல போறேன்."

முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டு படியில் கால் வைத்தாள். போகவிடாமல் கலியமூர்த்தி அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்து, கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு கண்டக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"யக்கா, எறங்குற அவசரத்துல ஒங்க பொகையில பொட்டணத்த சீட்டுலயே வுட்டுட்டீங்களே!"